மீனும் சிப்ஸும்: உழைப்பாளியின் பொட்டலம் தேசிய உணவான வரலாறு

தேசிய உணவு என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் வீட்டு அடுப்பிலோ அரண்மனைச் சமையற்கூடத்திலோ பிறந்து, பல தலைமுறைகளாகக் கைமாறி வந்தவையாகவே கருதப்படுகின்றன. ஆனால் பிரிட்டனின் அடையாளமாக உலகெங்கும் அறியப்படும் மீனும் சிப்ஸும் வீட்டில் சமைக்கப்பட்டதே அரிது. தெருக்கடையில் பொரிக்கப்பட்டு, காகிதத்தில் பொட்டலமாகக் கட்டப்பட்டு, ஆலையிலிருந்து திரும்பும் தொழிலாளியின் கையில் சூடு ஆறுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்த உணவு அது. அதன் வயதும் ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றே கூடுதல்தான். முள் நீக்கிய மீன் துண்டைக் கரைத்த மாவில் தோய்த்துப் பொரித்தெடுத்து, விரல் தடிமனுக்கு நீளவாக்கில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கின்மேல் வைத்து, உப்பும் வினிகரும் தெளித்துத் தருவதே இவ்வுணவு. சிப்ஸ் என்று இங்கே குறிக்கப்படுவது தமிழ்நாட்டுக் கடைகளில் அப்பெயரில் விற்கும் மெல்லிய வறுவல் அன்று. வெளியே இலேசாக மொறுமொறுப்பேறி, உள்ளே மாவாக வெந்திருக்கும் தடித்த துண்டுகளே பிரிட்டனின் சிப்ஸ்.

இவ்வுணவின் இரு பாதிகளும் இங்கிலாந்துக்கு வெளியிலிருந்து வந்தவை என்பதை வரலாற்று ஆய்வாளர்கள் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 1290-இல் இங்கிலாந்திலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் 1656-க்குப் பிறகே மீண்டும் அங்கே வெளிப்படையாக வாழ முடிந்தது. அவ்வாறு வந்து குடியேறியவர்களில் முதன்மையானவர்கள், ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மதத்தின் பெயரால் ஒடுக்கப்பட்டுப் பல நாடுகளில் சிதறிய செஃபார்டி யூதர்கள். அவர்களுடைய மரபில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன்பின் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை பகலிலேயே மீனை எண்ணெயில் பொரித்து வைத்து, மறுநாள் ஆறிய நிலையில் உண்பது அவர்கள் வழக்கம். விலங்குக் கொழுப்பில் பொரித்துப் பழகிய ஆங்கிலேயருக்கு இம்முறை புதுமையாக இருந்தது. 1747-இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் புகழ்பெற்ற சமையல் நூல், மீனை எண்ணெயில் பொரித்து வினிகரில் ஊறவைத்துப் பாதுகாக்கும் யூதர் முறையைத் தனிக்குறிப்பாகவே தருகிறது. அடுத்த நூற்றாண்டில் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஆலிவர் ட்விஸ்ட்' புதினத்தில் லண்டனின் ஏழ்மைச் சந்து ஒன்றை வருணிக்கும் இடத்தில் பொரித்த மீன் விற்கும் கடை இடம்பெறுகிறது. 1850-களின் தொடக்கத்தில் லண்டன் தெருத்தொழில்களைக் கணக்கெடுத்து எழுதிய ஹென்றி மேஹ்யூ, நகரில் ஏறத்தாழ 300 பேர் பொரித்த மீன் விற்றுப் பிழைத்ததாகக் குறிக்கிறார். தட்டில் மீனை அடுக்கி மதுக்கடை மதுக்கடையாக ஏறி இறங்கிய அவ்வியாபாரிகள் மீனோடு துணைக்குக் கொடுத்தது ரொட்டித் துண்டு. உருளைக்கிழங்கு அப்போது அந்தத் தட்டுக்கு வந்து சேரவில்லை.

உருளைக்கிழங்கைக் கீற்றாக நறுக்கிப் பொரிக்கும் வழக்கம் பிரான்சிலிருந்தோ பெல்ஜியத்திலிருந்தோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வந்திருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. இங்கிலாந்தில் அது முதலில் வேரூன்றியது வடக்கே, பருத்தி ஆலைகள் நிறைந்த லங்காஷயர் வட்டாரத்தில். மீனும் சிப்ஸும் முதன்முதலில் ஒரே கடையில் சேர்ந்தது எங்கே என்பதில் இன்றுவரை ஊர்வழக்கு ஓயவில்லை: 1860 அளவில் கிழக்கு லண்டனில் கடை வைத்த ஜோசப் மாலின் என்ற யூதருக்கே அப்பெருமை உரியது என்பது தெற்கத்தியர் வாதம்; 1863-இல் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள மாஸ்லி என்ற சிற்றூரின் சந்தையில் மரக்கொட்டகை போட்ட ஜான் லீஸே முதல்வர் என்பது வடக்கத்தியர் வாதம். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதால் பெரும்பயன் ஒன்றும் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஊர்களில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே எண்ணம் தோன்றக் காரணமாக இருந்த சூழலே கவனிக்கத்தக்கது.

அச்சூழலை உருவாக்கியவை நீராவியும் இருப்புப்பாதையும் ஆலைச் சங்குமே. கடலடியில் பை போன்ற பெருவலையை இழுத்துச் சென்று மீனை வாரி எடுக்கும் இழுவலை முறை பரவியபின், அதிலும் குறிப்பாக 1880-களில் காற்றை நம்பாத நீராவி இழுவலைக் கப்பல்கள் வந்தபின், வடகடலிலிருந்தும் ஐஸ்லாந்துக் கடற்பகுதியிலிருந்தும் காட், ஹேடாக் போன்ற வெண்சதை மீன்கள் மலைபோல் கரைக்கு வந்து குவிந்தன. பனிக்கட்டியில் வைத்துக் கட்டிய அம்மீன்களை ஹல், கிரிம்ஸ்பி ஆகிய கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து தொடர்வண்டிகள் இரவோடிரவாக உள்நாட்டு ஆலை நகரங்களுக்குக் கொண்டு சேர்த்தன. கடலையே கண்டிராத சுரங்கத் தொழிலாளிக்கும் கெடாத கடல்மீன் மலிவாகக் கிடைத்தது. லங்காஷயர் நெசவாலைகளில் மணமான பெண்களும் பெருந்தொகையாக வேலை பார்த்தார்கள். பத்து மணிநேரம் தறியருகே நின்றுவிட்டு வீடு திரும்பும் ஒருத்தி அதன்பின் நிலக்கரி வாங்கி, அடுப்பு மூட்டி, குடும்பத்துக்கே உலை வைப்பதைவிடத் தெருமுனைக் கடையில் சில காசுக்குச் சூடான பொட்டலம் வாங்குவது எல்லா வகையிலும் சிக்கனமாக இருந்தது. வரலாற்றாசிரியர் ஜான் வால்டன் இவ்வுணவையும் பிரிட்டன் தொழிலாளர் வர்க்கத்தையும் இணைத்து எழுதிய ஆய்வுநூல் தரும் மதிப்பீட்டின்படி, 1910 அளவில் நாட்டில் ஏறத்தாழ 25,000 கடைகளும், 1920-களின் பிற்பகுதியில் 35,000 கடைகளும் இருந்தன. பெரும்பாலும் சிறு நிறுவனங்களாகவே நடந்த தொழில் இது. தம்பதியர் தம் வீட்டின் முன்னறையையே கடையாக்கி, கணவன் ஆலைக்குப் போக மனைவி நடத்திய கடைகள் அவற்றுள் ஏராளம்.

கடையின் வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். மூட்டை மூட்டையாக வந்திறங்கிய உருளைக்கிழங்கைக் கழுவி, உட்புறம் சொரசொரப்பான சுழலும் உருளையில் இட்டுத் தோலுரித்து, மிஞ்சிய கண்களைக் கத்திமுனையால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, கைப்பிடி போட்ட வெட்டுக்கருவியில் வைத்து அழுத்திக் கீற்றாக்கி, கறுத்துப் போகாமலிருக்கத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் போட்டு வைப்பார்கள். மீனைச் செதில் நீக்கி, நடுமுள்ளை விட்டு இருபுறச் சதையையும் அகலமாக அரிந்தெடுப்பது தனித் தேர்ச்சி வேண்டும் வேலை. கோதுமை மாவும் தண்ணீரும் சிறிது சமையல் சோடாவும் சேர்த்த மாவுக் கரைசல் பஜ்ஜி மாவைவிடச் சற்று நீர்த்து, மீனில் மெல்லிய போர்வையாகப் படியும் பதத்தில் இருக்கவேண்டும். ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ் சூட்டில் கொதிக்கும் எண்ணெயில் அந்த மீனை இறக்கியதும் வெளிமாவு உடனே இறுகிக் கூடாகிவிடுகிறது. மீனிலுள்ள நீர் ஆவியாகி அக்கூட்டுக்குள்ளேயே சுழன்று சதையை வேகவைக்கிறது. வெளியேறும் ஆவி எண்ணெயை உள்ளே புகவிடாமல் தடுக்கிறது. ஆகவே நன்றாகச் செய்த மீன் உண்மையில் எண்ணெயில் பொரிந்தது என்பதைவிடத் தன் ஆவியிலேயே வெந்தது என்பதே பொருந்தும். சூடு குறைந்த எண்ணெயில் போட்டால் மாவு எண்ணெயைக் குடித்துத் துவண்டுவிடும். கடையின் நற்பெயர் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு தவற்றால்தான்.

எதில் பொரிப்பது என்பதிலும் எதனோடு உண்பது என்பதிலும் நாடு ஒருமித்ததே இல்லை. யார்க்ஷயரிலும் வடக்கின் பிற பகுதிகள் சிலவற்றிலும் உருக்கிய மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதே மரபு. தெற்கே தாவர எண்ணெய். (மாட்டிறைச்சியை விலக்கும் தமிழ்ப் பயணிகள் வடக்கத்திக் கடைகளில் இதைக் கேட்டறிந்து வாங்குவது நல்லது.) ஸ்காட்லாந்தும் யார்க்ஷயரும் ஹேடாக் மீனை விரும்ப, நாட்டின் பெரும்பகுதி காட் மீனை விரும்புகிறது. முற்றிய பட்டாணியை ஊறவைத்துக் குழைய வேகவைத்த மசியல் வடக்கே இன்றியமையாத துணை; எடின்பரோவில் வினிகருக்குப் பதிலாகப் பழுப்பு நிறச் சாறு ஒன்றை ஊற்றுகிறார்கள்; எண்ணெயில் உதிர்ந்து பொரிந்த மாவுத் துகள்களை யார்க்ஷயர்க் கடைகள் கேட்பவர்க்கு இலவசமாக அள்ளிப் போடுவது பழைய வழக்கம். இத்தனை வேறுபாடும் ஊர்ப் பெருமையும் இருப்பதே, இவ்வுணவு மேலிருந்து திணிக்கப்படாமல் மக்களிடமிருந்தே வளர்ந்தது என்பதற்குப் போதிய சான்று.

இன்று தேசியக் கொடியோடு சேர்த்துப் பேசப்படும் இவ்வுணவை மேல்தட்டினர் நெடுங்காலம் அருவருப்புடனேயே பார்த்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. பொரித்த மீனின் வாடையை யூதர்களோடு சேர்த்து இழிவாகப் பேசிய வெறுப்புப் பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதாரணமாகவே புழங்கியது என்பதை வரலாற்றாசிரியர் பனிகோஸ் பனாயி இவ்வுணவைப் பற்றிய தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். பொதுச் சுகாதாரச் சட்டங்கள் எலும்பு காய்ச்சுதல், கொழுப்பு உருக்குதல் போன்றவற்றை அக்கம்பக்கத்தாருக்கு ஒவ்வாத தொழில்கள் என்று வகுத்துத் தனிக் கட்டுப்பாடுகளுக்கு உட்படுத்தியபோது, மீன் பொரித்தலையும் அந்த வரிசையிலேயே சேர்த்தன; அப்பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது 1940-இல்தான். சமைக்கத் தெரியாத, சோம்பலான தாய்மார்களே பிள்ளைகளுக்குக் கடைப்பொட்டலம் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று மருத்துவர்களும் சீர்திருத்தக்காரர்களும் குற்றம் சாட்டினார்கள். மீனின் புரதமும் உருளைக்கிழங்கின் உயிர்ச்சத்து சி-யும், ரொட்டியும் தேநீருமாகப் பொழுதை ஓட்டிய குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய ஊட்டம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பத்து மணிநேர ஆலைவேலை செய்பவளைச் சோம்பேறி என்று சொல்லத் துணிந்த அக்கூற்று அநியாயமானது.

மதிப்பு உயர்ந்தது உலகப்போர்களின் காலத்தில். முதற்போரின்போது தொழிலாளர் குடும்பங்களின் வயிறும் மனமும் நிறைந்திருக்க இக்கடைகள் நடந்தாக வேண்டும் என்பதை அரசு உணர்ந்தது. 1913-இல் தொடங்கப்பட்டிருந்த தேசிய மீன் பொரிப்போர் கூட்டமைப்பு, கொழுப்பும் கிழங்கும் தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்று வாதாட அப்போது வலுப்பெற்றது. போர்களுக்கு இடைப்பட்ட வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில், 1937-இல் வெளிவந்த தமது நூலொன்றில் ஜார்ஜ் ஆர்வெல், நாட்டில் புரட்சி வெடிக்காமல் தடுத்த மலிவான ஆறுதல்களின் வரிசையில் மீனையும் சிப்ஸையும் சேர்த்தார். இரண்டாம் உலகப்போரில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை, தேநீர் என்று அன்றாடப் பண்டங்கள் பலவும் பங்கீட்டு அட்டைக்குள் வந்தபோதும், மீனும் உருளைக்கிழங்கும் அந்தக் கட்டுக்குள் கொண்டுவரப்படவில்லை. மீன்பிடிக் கப்பல்கள் பல கண்ணிவெடி அகற்றும் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதால் மீன் அரிதாகத்தான் கிடைத்தது, கடைவாசலில் வரிசை நீண்டது. எனினும் அட்டையைக் காட்டாமல் சூடாக ஒரு வேளை உண்ணலாம் என்ற நிலை இருந்தது. ஒவ்வாத தொழில் என்ற முத்திரை அந்தப் போருக்கு நடுவே அழிக்கப்பட்டது தற்செயலாக இருக்க முடியாது.

கடையை நடத்தியவர்களின் வரிசையையும் சொல்லியாகவேண்டும். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இத்தொழிலைப் பரப்பியவர்கள் இத்தாலியின் சில மலையூர்களிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்தினர். டஸ்கனி மாநிலத்தின் பார்கா நகரில், ஸ்காட்லாந்து போய்த் திரும்பியவர்களின் நினைவாக, இன்றும் கோடைதோறும் மீன்-சிப்ஸ் திருவிழா நடக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சைப்ரஸ் தீவின் கிரேக்கர்களும் ஹாங்காங்கிலிருந்து வந்த சீனர்களும் பழைய கடைகளை வாங்கி நடத்தினார்கள். சிப்ஸின்மேல் ஊற்றும் மஞ்சள் நிறக் கறிக்குழம்பு சீனர் கடைகளின் வழியாகவே பரவலாயிற்று. பிற்காலத்தில் இலங்கைத் தமிழர்களும் லண்டன் வட்டாரத்தில் இத்தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். 2001-இல் வெளியுறவுச் செயலர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவே இன்றைய பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று பேசியபோது, வந்தேறிகளின் உணவைத் தேசிய உணவு என்பதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பழம்பெருமையாகக் கருதிய மீனும் சிப்ஸும் அகதிகளின் கைப்பக்குவத்தில் தொடங்கி, அடுத்தடுத்து வந்தேறியவர்களின் உழைப்பில் நிலைத்தது என்பதை அறிந்திருந்தால் அந்த முணுமுணுப்புக்கே இடமிருந்திருக்காது.

இப்பொட்டலத்தின் விலையைக் கடலில் கொடுத்தவர்கள் வேறு. 1968-ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரி மாதங்களில் ஹல் துறைமுகத்தின் செயிண்ட் ரொமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லாண்ட் என்ற மூன்று இழுவலைக் கப்பல்கள், ஒரு மாத காலத்துக்குள் அடுத்தடுத்து வடகடலிலும் ஐஸ்லாந்துக் கடலிலும் அழிந்தன. 58 பேர் மாண்டார்கள், ஒருவர் மட்டுமே பிழைத்தார். கப்பலின் மேற்கட்டில் படியும் கடற்பனியைக் கோடரியால் வெட்டி எறிந்துகொண்டே இருந்தால்தான் அக்கடலில் கப்பல் கவிழாமல் நிற்கும். அதற்கும் ஓய்வறியாத மீன்பிடி வேலைக்கும் நடுவே உயிர்ப் பாதுகாப்புக்கு முதலாளிகள் செய்திருந்த ஏற்பாடு மிகக் குறைவு. மூன்றில் முதலில் மறைந்த கப்பலில் முழுநேர வானொலி இயக்குநர்கூட இல்லை. ஹல் நகரின் மீனவர் தெருவைச் சேர்ந்த லில்லியன் பிலோக்கா என்ற தொழிலாளிப் பெண், தலைத்துணி கட்டிய மீனவக் குடும்பப் பெண்களைத் திரட்டி, 10,000 கையொப்பங்களோடு லண்டன் சென்று அமைச்சர்களைச் சந்தித்தார். எல்லாக் கப்பலிலும் வானொலி இயக்குநர், முறையான வானிலை எச்சரிக்கை, மருத்துவ வசதியுள்ள துணைக்கப்பல் என்ற அவர்களுடைய கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. வெற்றி பெற்ற அப்பெண்மணிக்கு ஊரிலேயே மிரட்டல் கடிதங்களும் வேலையிழப்பும்தான் கிடைத்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அந்தக் கப்பல்களும் நெடுநாள் நீடிக்கவில்லை. தன் மீன்வளமே தன் வாழ்வு என்றுணர்ந்த ஐஸ்லாந்து, அயல்நாட்டார் மீன்பிடிக்கத் தடைசெய்யும் கடலெல்லையை 1958-இல் 12 கடல்மைலாகவும், 1972-இல் 50 ஆகவும், 1975-இல் 200 ஆகவும் விரித்தது. ஒவ்வொரு முறையும் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்ப, பிந்தைய இரு முறையும் ஐஸ்லாந்தின் காவல் படகுகள் பிரிட்டிஷ் வலைகளின் கம்பிகளை அறுத்துவிட, காட் போர்கள் என்று வரலாற்றில் பெயர்பெற்ற மோதல்கள் மூண்டன. 1976-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் சிறிய நாடே வென்றது. ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களின் தொலைகடல் மீன்பிடித்தொழில் அத்தோடு சரிந்தது; இன்று பிரிட்டன் கடைகளில் பொரியும் காட், ஹேடாக் மீன்களில் பெரும்பகுதி நார்வே, ஐஸ்லாந்து போன்ற நாடுகளின் கடலிலிருந்து உறையவைத்து வருபவை.

கடைகளின் எண்ணிக்கை இப்போது 10,500 அளவுக்குச் சுருங்கிவிட்டது. பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் சுகாதாரக் காரணத்தால் 1980-களில் மறைந்தது. 1965-இல் கென்டக்கி கோழிக்கறிக் கடையும் 1974-இல் மெக்டொனால்ட்ஸும் வந்தபின் இளைஞரின் மலிவு உணவு வேறாயிற்று. 2022-இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் அருகியது, எரிவாயுக் கட்டணம் ஏறியது, ரஷ்ய வெண்மீனுக்கு 35 விழுக்காடு கூடுதல் சுங்கவரி விதிக்கப்பட்டது. இத்தொழிலின் முக்கிய இடுபொருள்கள் பலவும் ஒரே நேரத்தில் விலையேறின. 2019-இல் சராசரியாக ஆறரைப் பவுண்டு அளவில் இருந்த ஒரு பொட்டலத்தின் விலை 2024-இல் பத்துப் பவுண்டை நெருங்கிவிட்டது. விலை ஏறும்தோறும் இவ்வுணவு விடுமுறை நாளில் கடற்கரையில் உண்பதாகவும், சுற்றுலாப் பயணிக்குக் காட்டும் அடையாளமாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. மாலை வேலை முடிந்த தொழிலாளியின் வழக்கமான உணவாக அது இருந்த நிலை தளர்ந்துவருகிறது. அந்த நிலையால்தான் அதற்குத் தேசிய உணவு என்ற பெயரே வந்தது. சூடாகக் கட்டி வாங்கிச் செல்லும் உணவுக்கு 1984-இல் பிரிட்டன் அரசு மதிப்புக்கூட்டு வரி விதித்தது. இன்று அது 20 விழுக்காடு. இரண்டு உலகப்போர்களில் இக்கடைகள் மூடாமல் பார்த்துக்கொள்வதைத் தன் கடமையாகக் கருதிய ஓர் அரசு, இந்த வரியைக் குறைக்கவேண்டும் என்று பொரிப்போர் கூட்டமைப்பு எழுப்பிவரும் கோரிக்கையை ஏற்பதே முறை.